அடுக்குத்தொடரிடைக் காற்புள்ளி: குளத்தூர் எல்லைப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பொழிப்பு

ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்தால் நடுவில் கமா போட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியால் உலகில் எந்தப் போரும் மூண்டதில்லை, எந்த அரசும் கவிழ்ந்ததில்லை. அதனாலேயே அறிஞர் பெருமக்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள் போலும். அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. கேரளத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் குளத்தூர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு, கமாவின் மெய்யான ஆற்றல் இங்கே நிறுவப்படுகிறது. அது மீனைச் சிறுக்க வைக்கும், பேருந்தை நிறுத்தும், புரோட்டாவைக் குறைக்கும். புள்ளி வேண்டாம் என்று வாதாடும் கட்டுரை என்பதால் புள்ளிவிவரங்கள் அறவே தவிர்க்கப்பட்டுள்ளன.

1. ஆய்வுச் சிக்கல்

பொழியூர்க் கடற்கரையில் நெத்தோலி காயப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கடற்கரையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஸ்மால் ஸ்மால் ஃபிஷ்’ என்றுதான் எழுதும். இதைத் திருத்தும் ஆசிரியர்களில் இரண்டு கட்சி உண்டு. கண்டிப்பானவர் ஒரு ‘ஸ்மால்’ மேல் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இரக்க சுபாவம் உள்ளவர் இரண்டையும் வாழவிட்டு, நடுவில் ஒரு கமா போடுவார். “லாங், லாங் அகோன்னு கதைப் புத்தகத்தில வருதுல்லா, அது மாதிரி” என்று விளக்கமும் கொடுப்பார்.

ஆராய்ந்து பார்த்தால் இரக்கசாலியால் விளைந்த சேதமே பெரிது. பிள்ளை சொல்ல வந்தது, மீன்கள் பல, ஒவ்வொன்றும் சிறிது என்பது. கமா விழுந்த பிறகு ஆங்கிலம் அறிந்தவர் படிப்பதோ, மீன் மிகமிகச் சிறிது என்று. கரை முழுக்கப் பரந்து கிடந்த நெத்தோலி ஒரு சொட்டுச் சிவப்பு மையில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகிவிட்டது. கண்டிப்பானவர் கோடு இழுத்தபோது மீனின் எண்ணிக்கைதான் போயிற்று. உருவமாவது மிஞ்சியது.

இதிலிருந்து இவ்வாய்வின் கருதுகோள் பிறக்கிறது. ஆங்கிலம் சொல்லை இரட்டிப்பது அழுத்தத்துக்காக. தமிழும் மலையாளமும் பெரும்பாலும் பரப்புக்காக, அதாவது ஒன்று பலவாவதைக் காட்ட இரட்டிக்கின்றன. முன்னதற்குக் கமா துணை, பின்னதற்கு எமன்.

2. ஆய்வுக்களம்

குளத்தூர், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே அரபிக்கடல். தென்கிழக்கே நடந்தால் கொல்லங்கோடு, அது தமிழ்நாடு. கரையோடு போனால் பொழியூர் முடிந்து நீரோடி தொடங்குவதை மணல் காட்டிக் கொடுக்காது. நெடுஞ்சாலை வழியே வந்தால் பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் பார்த்தது. அது நடக்கவில்லை.

கோடு போட்டவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள், வருவாய்த்துறையைப் பிரித்தார்கள், பள்ளிப் பாடநூலையும் பிரித்தார்கள். இரட்டித்த சொற்களைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘பையப் பைய’ நடக்கிறவர் அந்தப் பக்கம் போனதும் ‘பய்யெப் பய்யெ’ நடக்கிறார், வேகம் மாறுவதில்லை. இங்கே ‘வீடு வீடாக’ வரும் ஓட்டுக் கேட்பவர் அங்கே ‘வீடுவீடாந்தரம்’ வருகிறார், வாக்குறுதியும் மாறுவதில்லை. இங்கே சின்னச் சின்ன ஆசை. அங்கே கொச்சு கொச்சு மோகம்.

இதே 1956-ஆம் ஆண்டில்தான் எம். பி. எமனோ என்னும் மொழியியலாளர், இந்தியாவே ஒரு மொழியியல் வட்டாரம் என்னும் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். குடும்பம் வேறானாலும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் மொழிகள் ஒன்றன் பழக்கத்தை ஒன்று வாங்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். தில்லி கோடு போட்ட ஆண்டிலேயே கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் கோடு செல்லாது என்று எழுதியிருக்கிறார். பின்னாளில் அன்விதா அப்பி தெற்காசிய மொழிகளின் இரட்டிப்பு வழக்குகளைப் பற்றி 1992-இல் முழுப் புத்தகமே எழுதினார். ஆனால் இருவரும் கமாவைப் பொருட்படுத்தவில்லை. ஆய்வு இடைவெளி என்று பல்கலைக்கழகங்கள் சொல்வது இதைத்தான்.

3. முன்னோர் முடிபு

சொல் இரட்டிப்பதற்குத் தொல்காப்பியர் சட்டம் வகுத்திருக்கிறார். சலசல, மளமள, விறுவிறு போன்ற இரட்டைக்கிளவிகள் இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து வரமாட்டா என்பது ஒன்று. அடுக்குத்தொடருக்கு அவர் உச்சவரம்பும் விதித்தார். ஓசை நிறைக்க அடுக்கினால் நான்கு, அவசரத்தில் அடுக்கினால் மூன்று. பின்னால் வந்த நன்னூலார் அசைநிலைக்கு இரண்டு, பொருள்நிலைக்கு மூன்று, இசைநிறைக்கு நான்கு என்று எல்லையை இன்னும் இறுக்கினார். பாம்பைக் கண்டு அலறுகிறவர்கூட மூன்று முறைக்குமேல் ‘பாம்பு’ என்று சொல்லக் கூடாது. அதற்குமேல் சொன்னால் பாம்பு கடிக்குமோ இல்லையோ, இலக்கணம் கடிக்கும்.

தொல்காப்பியம் அரங்கேறியபோது குறைகளை ஆராய்ந்து கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பனம்பாரனார் பாயிரம். அந்த அதங்கோடு, விளவங்கோடு வட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்தில் இன்றும் அதே பெயரோடு இருக்கும் ஊர்தான் என்பது இவ்வட்டாரத்தாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. குளத்தூரிலிருந்து காலையில் கிளம்பினால் காப்பி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆக, இரட்டைக்கிளவியைப் பிரிக்கக் கூடாது என்ற விதியைத் தேர்வாளராக அமர்ந்து முதலில் கேட்டு ஒப்புக்கொண்டவர் நம் களத்துக்காரர். உள்ளூர்ப் பெரியவர் ஒப்புக்கொண்ட விஷயத்தில் சிவப்பு மைக்காரர் தலையிடுவது முறையாகாது.

கமா இல்லாமலே காரியம் நடக்கும் என்பதற்குச் செம்பும் சாட்சி. கொல்லங்கோட்டுக்கு அப்பால், முன்சிறை அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் கோயில் எழுப்பி, 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், படிக்கச் சாலையும் நிறுவினான். அதற்கான செப்பேட்டில் நில மாற்று உண்டு, உரிமை உண்டு, மாணவர் ஒழுக்க விதிகளும் உண்டு. கமா மட்டும் இல்லை. இன்றைய பத்திர எழுத்தர் வாக்கியத்துக்கு நாற்பது கமா போட்டும் வழக்கு நீதிமன்றம் போகிறது. அன்றைக்கு ஒன்றுகூட இல்லாமல் ஆவணம் எழுதினார்கள்.

கமா எங்கே பிறந்தது? கி.மு. 200-ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், கவிதையை உரக்கப் படிப்பவர் எங்கெங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்ட மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். மிகக் குறுகிய நிறுத்தத்துக்கு உரிய புள்ளியே கமாவின் பாட்டன். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசில் ஆல்டஸ் மனூசியஸின் அச்சகத்தில் அதற்கு இன்றைய வால் முளைத்தது. அச்சுக்கலை கப்பலேறி நம் கரைக்கு வந்து, 1578-இல் கொல்லத்தில் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைப்படுத்தினார். அலெக்சாந்திரியாவில் பிறந்த அன்றிலிருந்தே அதன் வேலை ஒன்றுதான்: இங்கே நிறுத்து என்று வாய்க்குச் சொல்வது. நிறுத்தாமல் சொல்வதன் நடுவே அதற்கு என்ன வேலை?

ஆங்கிலத்தார் தரப்பையும் கேட்டாக வேண்டும். 1906-இல் முதற்பதிப்புக் கண்ட சிகாகோ நடைக்கையேடு, ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே பெயரடை இரட்டித்தால் நடுவில் கமா இடுவதே வழக்கம் என்கிறது. ‘மெனி, மெனி பீப்பிள்’ அந்த வகை. ஆனால் ‘ஹேட் ஹேட்’ என்று இறந்தகாலம் இரட்டிக்கும்போது அவர்களே கமாவை மறந்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய வரம்பு மீறலும் உண்டு. வில்லியம் ராப்பபோர்ட் என்ற அமெரிக்கர் 1972-இல் ‘பஃபலோ’ என்ற ஒரே சொல்லைப் பத்து முறை வரிசையாக எழுதி, ஒரு கமாகூட இல்லாமல், இது இலக்கணச் சுத்தமான வாக்கியம் என்று நிரூபித்தார். எருமை, நியூயார்க் மாநிலத்து ஊர், மிரட்டுதல் ஆகிய மூன்று பொருளும் அச்சொல்லுக்கு இருப்பதால் அவர் தப்பித்தார். தொல்காப்பியரிடம் அகப்பட்டிருந்தால் நான்காவது எருமையோடு நிறுத்தியிருப்பார்.

4. சான்றுகள்

(அ) ஒற்றுச் சான்று. திரும்பத் திரும்ப, தேடித் தேடி, கேட்கக் கேட்க, சின்னச் சின்ன. இவற்றில் முதற்சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒற்று அந்தச் சொல்லுக்குச் சொந்தமானதன்று. அடுத்த சொல்லின் முதலெழுத்துக்காக வந்தது. நடுவே கமா போட்டுப் பார்க்கவும்: ‘திரும்பத், திரும்ப’. அந்த ‘த்’ இருக்க இடமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஒற்றை எடுத்துவிட்டுக் கமாவை வைத்தாலோ, ‘திரும்ப, திரும்ப’ என்று யாரோ அணிவகுப்பில் ஆணையிடுவது போல் ஆகிவிடுகிறது. ஒற்றும் கமாவும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியாது.

(ஆ) உருபுச் சான்று. ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக, வீடு வீடாக. இங்கே ‘ஆக’ என்பது இரண்டாவது சொல்லில் மட்டுமே வருகிறது. முதற்சொல் அதை நம்பித்தான் வாழ்கிறது. கமா போட்டால் முதல் வீடு தனி, இரண்டாவது வீடு தனி. முதல் வீட்டுக்கு வேட்பாளர் வந்தாரா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

(இ) எதிரொலிச் சான்று. விருந்தாளியிடம் “காப்பி கீப்பி ஏதாவது?” என்று கேட்கிறோம். நடுவில் கமா விழுந்தால் கீப்பி என்பது தனிப் பானமாகிவிடும். நாகரிகம் தெரிந்த விருந்தாளி, காப்பி வேண்டாம், கீப்பியே போதும் என்று சொல்லிவிட்டால் அடுக்களையில் என்ன செய்வார்கள்?

(ஈ) ஞகரச் சான்று. இதுவே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. தமிழுக்கு அழுத்தம் வேண்டும்போது அது சொல்லை அப்படியே இரட்டிப்பதில்லை. முதற்சொல்லைச் சற்று முறுக்கி வைக்கிறது. சின்னச் சின்ன மீன் என்றால் பல மீன், ஒவ்வொன்றும் சிறிது. சின்னஞ்சிறு மீன் என்றால் மிகச் சிறிய மீன், ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம். புதுப்புதுச் சட்டை என்றால் சட்டைகள் பல. புத்தம்புதுச் சட்டை ஒன்றே போதும். பெரிய பெரிய மரங்கள் தோப்பில் இருக்கும். பென்னம்பெரிய மரம் ஊர் நடுவில் தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் கமா தூக்கும் சுமையைத் தமிழில் ‘ஞ்’ என்றும் ‘ம்’ என்றும் வரும் இந்தச் சின்ன மெய்கள் தூக்குகின்றன. ஆகவே, ஆங்கிலத்து ‘ஸ்மால், ஸ்மால்’ என்பதற்குச் சரியான தமிழ் ‘சின்னஞ்சிறு’. குளத்தூர்ப் பிள்ளை எழுதிய கமா இல்லாத ‘ஸ்மால் ஸ்மால்’ என்பதோ, ஆங்கில உடை போட்ட ‘சின்னச் சின்ன’. அது பிழை என்று சொல்வதைவிட, இன்னொரு மொழியின் சரி என்று சொல்வதே பொருந்தும்.

(உ) மணிச் சான்று. களியக்காவிளையில் இரு மாநிலப் பேருந்துகளும் அடுத்தடுத்து நிற்கும். கேரளத்துப் பேருந்தில் மணிக்கயிறு, தமிழ்நாட்டுப் பேருந்தில் நடத்துநர் வாயில் விசில். கருவி வேறானாலும் இலக்கணம் ஒன்று: ஒற்றை அடித்தால் நில், இரட்டை அடித்தால் போ. நடத்துநர் கயிற்றை ஒரே மூச்சில் இரண்டு முறை இழுத்து ‘டிங்டிங்’ என்றால் வண்டி புறப்படுகிறது. முதல் மணியை அடித்துவிட்டு, பைக்குள் சில்லறையைத் துழாவி, பிறகு இரண்டாவதை அடித்தால் அது ‘டிங், டிங்’. ஓட்டுநர் முதல் டிங்குக்கு பிரேக் மிதிக்கிறார், இரண்டாவது டிங்குக்குத் திரும்பிப் பார்த்து, “இப்பம் போணுமா நிக்கணுமா?” என்கிறார். அடித்தது இரண்டு மணிதான், எண்ணிக்கையில் குறையே இல்லை. இடையில் புகுந்த கமா, புறப்பாட்டை இரண்டு நிறுத்தங்களாக்கிவிட்டது. இரண்டு ஒற்றை மணி சேர்ந்தால் ஓர் இரட்டை மணி ஆகாது என்னும் தேற்றம் இதனால் பெறப்படுகிறது. தொல்காப்பியரின் இரட்டைக்கிளவி விதியை நம் பகுதியில் நாள்தோறும் தவறாமல் கடைப்பிடிப்பவர்கள் பேருந்து நடத்துநர்களே.

5. தடையும் விடையும்

தடை ஒன்று: ‘மிக மிக நன்றி’, ‘ரொம்ப ரொம்பச் சந்தோஷம்’ என்பவை அழுத்தத்துக்கு இரட்டித்தவை அல்லவா? ஆம். முறுக்கப்படாமல் அழுத்தம் காட்டும் சொற்களும் சில இருக்கின்றன. எனினும் அங்கேயும் யாரும் நடுவில் மூச்சு விடுவதில்லை. ‘ரொம்ப’ என்று சொல்லி, நிறுத்தி, மறுபடி ‘ரொம்ப’ என்றால், கேட்பவர் நன்றியைவிட நம் உடல்நலத்தைப் பற்றியே கவலைப்படுவார்.

தடை இரண்டு: ‘வா வா’, ‘சரி சரி’ இவற்றுக்கு? இங்கே மூச்சைக் கேட்டு முடிவு செய்க. பேசிக்கொண்டிருப்பவரை முடிக்கச் சொல்லும் ‘சரி சரி’க்குக் கமா கிடையாது. பெண் வீட்டார் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒப்புக்கொள்ளும் ‘சரி, சரி’க்குக் கமா உண்டு. சில வீடுகளில் முற்றுப்புள்ளியே தேவைப்படலாம்.

தடை மூன்று: பொழியூரிலிருந்து கூடையோடு வரும் மீன்காரி “சாளை சாளை சாளை சாளை சாளை” என்று கூவுகிறாரே, இது தொல்காப்பியத்தின் மூன்று வரம்பை மீறியதாகாதா? ஆகாது. விரைவுக்கு மூன்று என்பதே விதி. அவர் விரைந்து கூவுகிறவர் அல்லர். முதல் சாளை முச்சந்தியில், கடைசிச் சாளை உங்கள் வாசலில். நடுவே பேரமும் உண்டு. அந்த இடைவெளிகளில் கமா என்ன, பத்தியே பிரிக்கலாம்.

தடை நான்கு: கைபேசியும் கணினியும் இரட்டித்த சொல்லைக் கண்டால் சிவப்புக் கோடு போட்டு, ஒன்றை நீக்கவா என்று கேட்கின்றனவே? அவை முதற்கட்சி ஆசிரியரின் மாணவர்கள். அவர்களுக்கு மீன் வெந்து ஆறுவதற்குள் பதில் சொல்லிவிட முடியாது.

6. காற்புள்ளியின் பணமதிப்பு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஏதேனும் ஒரு புரோட்டாக் கடையில் நான்கு பேர் உட்காருகிறார்கள் என்று கொள்க. மூத்தவர், “தம்பி, ரெண்டு ரெண்டு வையி” என்கிறார். பரிமாறும் தம்பி உள்ளே பார்த்து “எட்டு!” என்று குரல் கொடுப்பார். இரண்டு இரண்டு என்றால் ஆளுக்கு இரண்டு. செந்தமிழில் இவ்விரண்டு, மலையாளத்தில் ஈரண்டு. இந்தக் கணக்கை அவருக்கு எந்தப் பள்ளியும் சொல்லிக் கொடுத்திருக்காது.

இப்போது அதே மூத்தவர் ஏப்பத்தாலோ கைபேசியாலோ நடுவில் நிறுத்தி, “ரெண்டு... ரெண்டு” என்கிறார். தம்பி காதில் விழுவது இரண்டு கூட்டல் இரண்டு. நான்கு வருகிறது. முதல் இருவர் சாப்பிடுகிறார்கள். மற்ற இருவர் கல்லில் புரோட்டா அடிக்கும் அழகை வேடிக்கை பார்க்கிறார்கள். கமா இல்லாதபோது பெருக்கல், கமா வந்தால் கூட்டல். ஆட்கள் நான்கு என்ற நிலையில் ஒரு கமாவின் மதிப்பு நான்கு புரோட்டா என்று இதிலிருந்து துல்லியமாகக் கணிக்க முடிகிறது. குழம்பு கணக்கில் சேராது. அது கேட்கக் கேட்க வரும்.

7. பரிந்துரைகள்

ஒன்று: இரட்டித்த சொல் பலவற்றையோ மறுபடி மறுபடி நிகழ்வதையோ குறித்தால் தமிழில் கமா இடலாகாது. இரட்டைக்கிளவியின் நடுவே கமா இட்டவரை அதங்கோட்டுக்கு அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும்.

இரண்டு: இரு முறை மூச்சு விட்டுச் சொல்லும் அழைப்பு, மறுப்பு, ஒப்புதல் ஆகியவற்றுக்குக் கமா தாராளமாக இடலாம்.

மூன்று: ஆங்கிலத்தில் அழுத்தத்துக்கு இரட்டிக்கும்போது அவர்கள் ஊர் வழக்கப்படி கமா இடுக. ஆனால் எல்லைப்புறப் பிள்ளைகள் ‘ஸ்மால் ஸ்மால் ஃபிஷ்’ என்று எழுதினால் ஆசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “எத்தனை மீன் மோனே?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நிறைய என்று பதில் வந்தால், ஆங்கிலத்தில் அதற்கு ‘மெனி ஸ்மால் ஃபிஷ்’ என்று சொல்லிக் கொடுத்து, மதிப்பெண்ணையும் குறைக்காமல் விடுக.

நான்கு: நடத்துநர் பயிற்சியில் நன்னூல் சேர்க்கப்படலாம். அவர்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள் ஆதலால் நேரடியாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டாலும் சரியே.

ஐந்து: மேற்படி பணமதிப்பு நான்கு பேருக்குக் கணித்தது. மூன்று பேர் என்றால் கமாவின் விலை இரண்டு புரோட்டாவாகக் குறையும். இரண்டே பேர் என்றால் கூட்டினாலும் பெருக்கினாலும் நான்குதான், கமாவால் நட்டமில்லை. தனியாகச் சாப்பிடப் போகிறவர் “ரெண்டு” என்று ஒரு முறை சொன்னால் போதும். இந்த ஆய்வு அவருக்குப் பொருந்தாது.